இரண்டு ரிப் படகு, ஒரே விலை: குடும்பத்துக்கு எதை எடுப்பது?

ஒரே நீளம், ஒரே குதிரைத்திறன், ஏறக்குறைய ஒரே விலை. 2022 வசந்த காலத்தில் இரண்டு பழைய ரிப் படகுகளின் விளம்பரங்களை மூன்று வாரமாகப் போனில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்குச் சாம்பல் நிற டியூப், 2014-ல் கட்டியது. மற்றது ஆரஞ்சு, 2017. இரண்டும் 6 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டிலும் பின்னால் வெளியே மாட்டும் 100 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். விலையில் ஐந்நூறு பவுண்டு வித்தியாசம்கூட இல்லை. படகு தெரிந்த நண்பர்களிடம் கேட்டேன்; ஆளுக்கு ஒரு பதில். சாம்பல் கடலுக்கு நல்லது, ஆரஞ்சு பார்க்கப் புதிது, அதன் இன்ஜின் அதிகம் ஓடவில்லை, ஆனால் டியூப் துணி மட்டம்... எல்லாம் சரிதான். அதில் உட்காரப் போகிறவர்கள் யார் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்கரை, சவுத்தாம்ப்டன் பக்கம். வீட்டில் நான், மனைவி, 13 வயது மகள், 8 வயது மகன். கோடையில் தூத்துக்குடியிலிருந்து அம்மா வந்தால் ஐந்து பேர். இந்த ஐவரில் படகு என்றாலே வயிற்றைப் பிசைகிற ஆள் என் மனைவி. ஒரே மாதிரி இரண்டு படகு முன்னால் நின்றால், ஓட்டப் போகிறவனைக் கேட்காதீர்கள். ஏறவே பயப்படுகிறவரைக் கேளுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது அதைத்தான். அவர் ஒரு தடவை மிரண்டுவிட்டால் அப்புறம் அந்தப் படகு வீட்டு வாசலில் உறை போட்டுத்தான் கிடக்கும்.

ரிப் என்றால் புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியில் ஃபைபரிலோ அலுமினியத்திலோ செய்த கெட்டியான உடல், அதைச் சுற்றிக் காற்றடைத்த டியூப். வெள்ளம் வந்தால் நம் ஊரில் மீட்புப் படை கொண்டுவரும் சாதாரண ரப்பர் படகின் அடி வளைந்து கொடுக்கும். ரிப்பின் அடி வளையாது, அலையை வெட்டும். 1960-களில் வேல்ஸ் கடற்கரையில் அட்லாண்டிக் காலேஜ் என்ற உறைவிடப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த முன்னாள் கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து, ரப்பர் படகின் அடியில் மரப்பலகை பொருத்தி உருவாக்கியது இது. காப்புரிமையை 1973-ல் கடல் மீட்புச் சங்கமான ஆர்.என்.எல்.ஐ.க்கு ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார். அந்த ஒரு பவுண்டு காசோலையையும் அவர் வங்கியில் போடவே இல்லை என்பார்கள். ஆக, இது பிறந்ததே மீட்பு வேலைக்கு. முழங்கால் பலமுள்ள இளைஞர்கள் நனைந்துகொண்டே போவதற்கு. குடும்பத்துக்கு வாங்கும்போது வரும் சிக்கல்களில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதல் படி: உங்கள் ஒரு நாளை எழுதுங்கள்

படகைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, நீங்கள் உண்மையில் போகப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையை எழுதுங்கள். கனவு காண்கிற பயணத்தை அல்ல. எங்களுடையது இப்படி வந்தது: காலை பத்து மணிக்குக் கால்ஷாட் ஸ்லிப்வேயில், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் சரிவுத்தளத்தில், படகை இறக்குவது. சோலண்ட் கால்வாயைக் கடந்து வைட் தீவின் நியூடவுன் க்ரீக்குக்கு 7 கடல் மைல். அங்கே நங்கூரம் போட்டுச் சாப்பாடு, பிள்ளைகள் நீச்சல். நாலு மணிக்குத் திரும்புதல். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை நீடில்ஸ் பாறைகள் வரை, ஒரு வழிக்கு 15 மைல்.

எழுதியதும் சில விஷயங்கள் தெளிவாயின. காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும் சோலண்ட், பிற்பகலில் தென்மேற்குக் காற்று எழுந்ததும் மாறிவிடும். அதுவும் நீரோட்டம் மேற்கே இறங்குகிற நேரமாக இருந்தால் காற்றும் ஓட்டமும் எதிரெதிரே மோதி, குட்டையான செங்குத்தான அலைகள் கிளம்பும். ஹர்ஸ்ட் முனையின் குறுகலில் நீரோட்டமே 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தைத் தாண்டும். அதாவது, எங்கள் நாளின் மோசமான அரை மணி நேரம் எப்போதும் திரும்பும் வழியில்தான். பிள்ளைகள் களைத்து, நனைந்து, குளிரில் இருக்கும்போது. படகைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த அரை மணி நேரத்துக்காக.

உங்கள் தாளில் வேறு கதை வரலாம். விண்டர்மியர் ஏரியில் வேக வரம்பே 10 நாட். அங்கே ஓட்டப் போகிறவருக்குக் கீழே நான் அலையைப் பற்றிச் சொல்வதில் பாதி தேவையில்லை. பூல் துறைமுகம் போல நாலு பக்கமும் கரை சூழ்ந்த நீரில் மட்டும் சுற்றுவதானாலும் அப்படியே.

இரண்டாம் படி: தகட்டைப் படியுங்கள்

படகில் எங்காவது ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். எத்தனை பேர், எத்தனை கிலோ, அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன், என்ன வகை என்று அதில் இருக்கும். வகை 'சி' என்றால் காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6 வரை காற்று, 2 மீட்டர் வரை அலை; 'பி' என்றால் 8 வரை காற்று, 4 மீட்டர் வரை அலை; 'டி' என்றால் ஏரி, ஆறு, அடங்கிய நீர். நான் பார்த்த இரண்டுமே 'சி'. சாம்பலில் 8 பேர், ஆரஞ்சில் 10 பேர் என்றிருந்தது. இந்த ஆள் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது மூழ்காமல் தாங்கும் கணக்கு. உட்காரும் கணக்கு அல்ல. ஆரஞ்சில் பத்துப் பேர் ஏறினால் நாலு பேர் டியூப் மேல்தான் உட்கார வேண்டும். வேகமாக ஓடும் படகில் டியூப் மேல் குழந்தையை உட்கார வைப்பதும், பைக் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்து நெடுஞ்சாலையில் போவதும் ஒன்றுதான்.

மூன்றாம் படி: அடியில் குனிந்து பாருங்கள்

இரண்டு படகும் மேலிருந்து பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் அடியில். டிரெய்லருக்குப் பின்னால் போய்த் தரையில் குந்தி உட்கார்ந்து, இன்ஜின் மாட்டும் பின்பலகைக்குக் கீழே அடிப்பகுதியின் 'வி' வடிவம் எவ்வளவு கூர்மை என்று பாருங்கள். சாம்பலில் அது ஏறக்குறைய 24 டிகிரி. ஆரஞ்சில் 18. விளம்பரத்தில் யாரும் இதைப் பெரிதாகப் போடுவதில்லை. ஆனால் என்னைக் கேட்டால் அத்தனை எண்களிலும் முக்கியமானது இதுதான்.

ஒரு பக்கெட் தண்ணீரில் உள்ளங்கையை விரித்து அறையுங்கள். அப்புறம் கையைத் திருப்பிக் கத்தி மாதிரி வைத்து இறக்குங்கள். அவ்வளவுதான் விஷயம். 18 டிகிரி அடி, அலை உச்சியிலிருந்து இறங்கும்போது 'டமார்' என்று அறையும். 24 டிகிரி வெட்டிக்கொண்டு இறங்கும். அந்த அறை முதலில் போய்ச் சேருவது உட்கார்ந்திருப்பவரின் முதுகுத்தண்டில். ரிப் படகுகளின் முன்பகுதியில் உட்கார்ந்து போன பயணிகளுக்கு முதுகெலும்பு நொறுங்கிய விபத்துகளைப் பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு தன் அறிக்கைகளில் பதிவுசெய்திருக்கிறது.

கூர்மையான அடிக்கும் குறை உண்டு. நின்றால் ஆடும். தண்ணீரின் மேல் எழுந்து ஓட அதிக பலம் கேட்கும், அதனால் பெட்ரோலும் கொஞ்சம் கூட. தட்டையானது நங்கூரம் போட்டு நிற்கும்போது திண்ணை மாதிரி அசையாமல் இருக்கும். ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு அதுதான் சுகம். உங்கள் தாளில் ஓடும் நேரம் அதிகமா, நிற்கும் நேரம் அதிகமா என்று பாருங்கள். எங்களுக்கு நிற்கும் நேரம்தான் அதிகம். இருந்தும் பயம் வருவது ஓடும்போது.

நான்காம் படி: டியூப்

இங்கே அவசரப்படக் கூடாது. பழைய ரிப்பில் டியூப் போய்விட்டால் மாற்றுவதற்கு ஆகும் செலவு, படகு விலையில் பெரும் பங்கை விழுங்கிவிடும்.

துணி இரண்டு வகை. பி.வி.சி. ஒன்று; ஹைப்பலான் என்று எல்லோரும் சொல்லும் செயற்கை ரப்பர் மற்றது. ஹைப்பலான் என்பது டூபாண்ட் நிறுவனம் வைத்த பெயர். அந்த நிறுவனம் 2010-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரில் விற்பது பிறர் தயாரிக்கும் அதே வகை ரப்பர். '2014 படகு, ஒரிஜினல் டூபாண்ட் ஹைப்பலான்' என்று விற்பவர் பெருமைப்பட்டால் ஒரு புன்னகையோடு விட்டுவிடுங்கள், துணி நல்லதுதான். வெயிலையும் பெட்ரோலையும் தாங்குவதில் ஹைப்பலான் ஒரு படி மேல். பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் வரும். பி.வி.சி. விலை குறைவு, உராய்வைத் தாங்கும். ஆனால் வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் மெல்ல விறைத்துப்போகும், அல்லது பிசுபிசுக்கும். பத்து வருடத்தைத் தாண்டிய பி.வி.சி. என்றால் நான் கூடுதலாக யோசிப்பேன். நிழலில், உறைக்குள் வைத்திருந்த பி.வி.சி., வெயிலில் காய்ந்த ஹைப்பலானைவிட மேல் என்பதும் உண்மை. ஆகவே படகு எங்கே நின்றது என்று கேளுங்கள்.

எது எந்தத் துணி என்று தெரியவில்லையா? காற்றடைக்கும் வால்வைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஹைப்பலானில் பெரும்பாலும் உள்பக்கம் வேறு நிறத்தில், கறுப்பாக இருக்கும். வெளியே மங்கலாக, ரப்பர் செருப்பைத் தொட்ட மாதிரி இருக்கும். பி.வி.சி. வழுவழுவென்று மினுங்கும்.

அப்புறம் சோதனை. விற்பவரிடம் முந்தின நாளே சொல்லி, டியூப்புக்குள் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் எல்லா அறைகளிலும் 240 மில்லிபார் அளவுக்குக் காற்றடைத்து வைக்கச் சொல்லுங்கள். நம் டயர்க் கணக்கில் சுமார் மூன்றரை பி.எஸ்.ஐ. 24 மணி நேரம் கழித்து, அதே வேளையில், நீங்களே அளவுமானி கொண்டுபோய் அளந்து பாருங்கள். வேளை முக்கியம், மதிய வெயிலில் அடைத்ததைக் காலைக் குளிரில் அளந்தால் ஓட்டையே இல்லாமலும் இறங்கியிருக்கும். ஓர் அறையின் காற்றை முழுக்கத் திறந்துவிட்டுப் பக்கத்து அறையைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அதுவும் தொய்ந்தால் இரண்டையும் பிரிக்கும் நடுத்திரை கிழிந்திருக்கிறது. வெளியே எவ்வளவு சோப்புத் தண்ணீர் தடவினாலும் இது தெரியாது.

ஒட்டு விளிம்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே படகைச் சுற்றி வாருங்கள். நான் அப்படிச் சுற்றும்போது ஆரஞ்சுப் படகில், பின்பலகையோடு டியூப் சேருமிடத்தில் என் கட்டைவிரல் நகம் அரை அங்குலம் உள்ளே போனது. காற்று இறங்கவில்லை. விற்பவரும் நேர்மையாக, 'ஆமாம், போன வருடம் ஒட்டினேன்' என்றார். எந்தப் பசை என்று கேட்டேன். கடையில் கிடைத்தது என்றார். பி.வி.சி.க்கு ஒரு பசை, ஹைப்பலானுக்கு வேறு பசை; மாற்றிப் போட்டால் பிடிக்காது. அதனால் மட்டும் ஒரு படகை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, விலையில் குறைக்கலாம். ஆனால் மற்றதையும் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று தாளில் குறித்துக்கொண்டேன்.

ஐந்தாம் படி: யார் எங்கே

கரையில் டிரெய்லரில் நிற்கும்போதே குடும்பம் முழுவதையும் ஏற்றி உட்கார வையுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு. விற்பவர் விநோதமாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

ஆரஞ்சின் முன்பக்கம் அரைவட்ட சோபா, மெத்தை, கோப்பை வைக்கும் குழி. எங்கள் ஊர்க் கடற்கரையில் அணியம் என்பார்களே, அந்த முன்மூக்குப் பகுதி முழுக்க வரவேற்பறை மாதிரி. பிள்ளைகள் ஓடிப்போய் அங்கேதான் விழுந்தார்கள். சாம்பலில் சோபா கிடையாது. குதிரைச் சேணம் மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரும் ஜாக்கி சீட் நாலு, பின்னால் ஒரு குட்டி பெஞ்சு. அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "என்னய்யா, குதிரை மேலயா ஒக்காரச் சொல்லுத?"

இந்த இடத்தில் முடிவு ஆரஞ்சுக்குத்தான் போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம், மூன்றாம் படியில் சொன்னதுதான். படகு அலையில் ஊஞ்சல் மாதிரி ஆடும். அச்சு பின்னால் இருக்கிறது. அதிகம் எழும்பி அதிகம் விழுவது அணியம்தான். அழகான அந்த சோபா, கடல் கொஞ்சம் எழும்பினாலே யாரும் உட்கார முடியாத இடம். ஆரஞ்சிலிருந்து சோபாவைக் கழித்தால் மிச்சம், ஓட்டுபவர் பக்கத்தில் ஒரு ஆளுக்கும் பின்னால் ஒல்லியாக இரண்டு பேருக்கும் இடம். திரும்பும் வழியில் ஐந்தாவது ஆள் எங்கே? சாம்பலில் ஜாக்கி சீட்டில் கால் ஊன்றி எழும்பிக் கொடுத்தால் அடியை முழங்கால் வாங்கிக்கொள்ளும், முதுகுக்குப் போகாது. அம்மாவுக்குப் பின் பெஞ்சு; அதுதான் படகிலேயே அசைவு குறைந்த இடம்.

ஜாக்கி சீட்டில் ஒரு நிபந்தனை: உட்காருபவரின் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், கைப்பிடி எட்ட வேண்டும். மகளுக்குப் பதிந்தது. மகனுக்கு விரல் நுனிதான் தொட்டது. ஆகவே அவனும் பின் பெஞ்சுக்கு, பாட்டிக்குப் பக்கத்தில்.

மொத்த அகலத்தை நம்பாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டியூப் தடிமனாக இருந்தால் தண்ணீர் தெறிப்பது குறையும், ஆனால் உள்ளே கால் வைக்கும் இடத்தைத் தின்றுவிடும். டேப் கொண்டுபோய் உள்ளகலத்தை அளந்து பாருங்கள்.

ஆறாம் படி: இன்ஜின்

ஆரஞ்சு ஐந்து வருடத்தில் 90 மணி நேரம் ஓடியிருந்தது, சாம்பல் எட்டு வருடத்தில் 260. குறைவாக ஓடியதுதான் நல்லது என்று கார் வாங்கிப் பழகிய மூளை சொல்லும். படகு இன்ஜினுக்கு அப்படியே பொருந்தாது. சும்மா கிடந்தால் பெட்ரோல் கெடும், நீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் ஒரே நிலையில் நின்று விறைக்கும், உப்பு உள்ளே அடையும். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் செய்ய வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. வருடா வருடம் ரசீது உள்ள 260, ரசீதே இல்லாத 90-ஐவிடக் கௌரவமானது. மணிக்கணக்கை விற்பவர் வாயால் கேட்காதீர்கள். அந்த இன்ஜின் டீலர் கணினியை மாட்டி எத்தனை மணி நேரம் எந்த வேகத்தில் ஓடியது என்று அச்சடித்துத் தருவார்.

நீங்களே செய்யக்கூடியவை சில. போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இன்ஜின் மூடியில் கை வையுங்கள். சூடாக இருந்தால், காலையில் கிளம்ப முரண்டுபிடிப்பதை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். கியர் எண்ணெய் அடி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி நாலு சொட்டு விடச் சொல்லுங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. இன்ஜினைப் பாதி தூக்கி, அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கூடவே பின்பலகையும் அசைந்தாலோ, போல்ட்டைச் சுற்றி விரிசல் தெரிந்தாலோ, விலை பேசாமலே வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? எங்கள் கடலில் சொகுசுக் கப்பலும் கன்டெய்னர் கப்பலும் சவுத்தாம்ப்டனுக்குள் திரும்பும் இடத்தை நாங்கள் குறுக்கே கடக்க வேண்டும். 150 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலுக்கு முன்னால் 1,000 மீட்டரும், இரு பக்கமும் 100 மீட்டரும் சின்னப் படகுகள் நுழையக் கூடாத பகுதி. கப்பல் நகர நகர அதுவும் கூடவே நகரும். அதற்குள் இன்ஜின் நின்றுபோனால் கப்பலால் சட்டென்று திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது.

பெட்ரோல் பற்றிச் சுருக்கமாக: 100 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 35 லிட்டருக்கு மேல் குடிக்கும், 20 நாட்டில் அதில் ஏறக்குறைய பாதி. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. இந்தக் கணக்கில் இரண்டு படகின் டேங்கும் எங்களுக்குப் போதும்.

ஏழாம் படி: டிரெய்லர்

யாரும் பார்க்காத பகுதி. நானும் முதல் படகில் பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரில் சூடான சக்கரத்தை இறக்கி இறக்கி பேரிங் துருப்பிடித்து, எம்27 நெடுஞ்சாலை ஓரத்தில், பின்னால் லாரிகள் அலறிக்கொண்டு போக, இரண்டு மணி நேரம் குடும்பத்தோடு தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றோம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். 'கரகர' சத்தம் வந்தால் புதிய பேரிங் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடையைக் கூட்டிப் பாருங்கள். படகு 550 கிலோ, இன்ஜின் 170, பெட்ரோல் 60, டிரெய்லர் 300, நங்கூரம், கயிறு, பேட்டரி, சாப்பாட்டுப் பெட்டி என்று ஒரு 70. மொத்தம் 1,150. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு உச்சவரம்பு 750 கிலோ. ஆகவே பிரேக் உள்ளதுதான் வேண்டும், அது வேலை செய்யவும் வேண்டும். உங்கள் கார் எவ்வளவு இழுக்கலாம் என்று அதன் கையேட்டில் பாருங்கள். 2021 டிசம்பர் 16-லிருந்து பிரிட்டனில் சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம். ஆனால் ஸ்லிப்வேயில் டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்கும் கலையை எந்த லைசென்ஸும் கற்றுத்தராது. ஞாயிறு காலை காலியான சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் நாலு வாரம் பழகுங்கள். சவுத்தாம்ப்டனில் கடல் நீரேற்றம் அடுத்தடுத்து இரண்டு உச்சம் தொடுவதால் ஸ்லிப்வேயில் தண்ணீர் வெகுநேரம் வற்றாமல் நிற்கும், நமக்குத் தடுமாற அவகாசம் கிடைக்கும்.

எட்டாம் படி: கடலில், எல்லோரோடும்

விற்பவர் அமைதியான காலை நேரத்தைத்தான் சொல்வார். காற்று பியூஃபோர்ட் 4, நீரோட்டம் எதிரே, பிற்பகல் மூன்று மணி என்று நீங்கள் கேளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். இது தேர்வு, தண்டனை அல்ல. இரண்டு படகையும் ஒரே மாதிரி நாளில் பாருங்கள். பெட்ரோல் காசை நீங்கள் கொடுங்கள்.

ஏறியதும் முதல் வேலை, ஓட்டுபவர் காலில் கில் கார்டைக் கட்டுவது. ஆள் தூக்கி எறியப்பட்டால் இன்ஜினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிறு அது. 2013 மே மாதம் கார்ன்வாலின் கேமல் கழிமுகத்தில் ஒரு ரிப்பிலிருந்து பெற்றோரும் நான்கு பிள்ளைகளும் தண்ணீரில் விழுந்தார்கள்; ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து அவர்கள் மேலேயே ஏறியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். கயிறு கட்டப்பட்டிருக்கவில்லை. சோதனை ஓட்டத்தின் நடுவில் ஒருமுறை அந்தக் கயிற்றை இழுத்து இன்ஜின் நிற்கிறதா என்று பாருங்கள். உதிரி ஒன்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். கயிறோடு விழுந்தவரை எடுக்கத் திரும்பி வர மற்றவருக்கு அது வேண்டும். பிள்ளைகளின் லைஃப் ஜாக்கெட்டில் தொடைக்கிடையே போகும் பட்டையையும் மாட்டுங்கள்; அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே வரும்.

பிறகு அலைக்கு எதிரே 18 நாட், அலையோடு 18 நாட், அலைக்குப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம். எல்லோரும் ஏறியிருக்கும்போது நின்ற நிலையிலிருந்து படகு தண்ணீரின் மேல் எழுந்து ஓட எவ்வளவு நேரம் எடுக்கிறது? இரு பக்கமும் வளைந்து திரும்பும்போது இன்ஜின் வெறுமனே அலறுகிறதா? கடைசியில் இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் சும்மா மிதக்க விடுங்கள். வாந்தி வருவதானால் அப்போதுதான் வரும். சூடான இன்ஜின் மறுபடி ஒரே தட்டில் கிளம்புகிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

இதையெல்லாம் செய்துகொண்டே நீங்கள் பார்க்க வேண்டியது முன்னால் இருக்கும் கடலை மட்டுமல்ல, அவ்வப்போது அந்தப் பயப்படுகிற ஆளின் கையையும். ஆரஞ்சில் என் மனைவி கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், விரல் முட்டி வெளுத்திருந்தது, படகு அலையில் அறைந்த ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடினாள். இறங்கியதும், "நல்லாத்தாங்க இருக்கு, பசங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். மறு வாரம் சாம்பலில் திரும்பி வரும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்ற கையால் மகனின் தொப்பியைச் சரிசெய்தாள். முகமெல்லாம் தண்ணீர். "இது பரவாயில்லைங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஒன்பதாம் படி: காகிதமும் காசும்

படகின் அடையாள எண் பின்பலகையின் வலது பக்கம் பொறித்திருக்கும். அதை விற்பனைப் பத்திரத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் எண்ணைத் தனியாக. அவுட்போர்டு திருட்டு இங்கே சர்வசாதாரணம். வாட் வரி கட்டிய ரசீது, சர்வீஸ் ரசீதுகள், கடன் பாக்கி இல்லை என்ற எழுத்து. கடலில் ஓட்ட பிரிட்டனில் லைசென்ஸ் கட்டாயம் இல்லை, இருந்தாலும் பிரிட்டனின் படகோட்டிகள் சங்கமான ஆர்.ஒய்.ஏ.யின் பவர்போட் லெவல் 2, இரண்டு நாள் பயிற்சி, நீங்களும் போங்கள், துணைவரையும் அனுப்புங்கள். ஓட்டத் தெரிந்தால் பயம் பாதி போகும். ரேடியோவுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் பெரும்பாலான மரினாக்களில் (படகு நிறுத்தும் துறைகளில்) உள்ளே விடமாட்டார்கள்.

நாங்கள் சாம்பலை எடுத்தோம். நடுவில் இருந்த இரண்டு ஜாக்கி சீட்டைக் கழற்றி விற்றுவிட்டு, அந்த இடத்தில் முதுகுச் சாய்வோடு ஒரு பெஞ்சு போட்டோம். கிடைத்த காசு பெஞ்சுக்கும், பின்பலகையில் மாட்டிய மூன்று படி ஏணிக்கும் சரியாகப் போயிற்று. ஏணி வாங்கும்போது கடைசிப் படி தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பாருங்கள்; முழங்கால் உயரத்துக்காவது இறங்க வேண்டும். எங்களுடையது ஒரு படி குறைவு, இந்தக் கோடையில் மாற்ற வேண்டும்.